பெறுநர்

என் மேசைக்கு மேலே சுவரில் இரண்டு படங்கள்.
ஒருவர் ராஸ் அல் கைமாவுக்கு,
ஒருவர் ஏழு எமிரேட்டுக்கும்.
கடையின் உரிமம் முதலாமவர் அலுவலகத்தில்.
என் விசா, மாதாமாதம் வரும் கரண்ட் பில்
இரண்டாமவர் அலுவலகத்தில்.
ஒருமுறை தூசு தட்டி இடம் மாற்றி மாட்டிவிட்டேன்.
முதலாளி சாயாவைக் கீழே வைக்காமல் ஓடிவந்தார்.

பழைய துறைமுகத்துக்கு எதிரே
டைப்பிங் சென்டர்.
காலையிலேயே வந்துவிட்டார் சூசைபாக்கியம்,
சட்டையில் ஐஸ்பெட்டி வாடையோடு.
நாற்காலி இடப்பக்கம் கிடக்கிறது,
அவர் வலப்பக்கம் வந்து நிற்கிறார்.
உட்காருங்கண்ணே.
இருக்கட்டும்.

தம்பி புரூணோ. வேறு நகுதாவின் படகு.
எஞ்சின் நின்ற ராத்திரி
காற்று இழுத்துப்போய் எதிர்க்கரை ரோந்தின் கையில் கொடுத்தது.
இருபத்திரண்டு நாளாகிறது.

அனுப்புநர் அடித்தாயிற்று.
பெறுநர் என்று அடித்துவிட்டு
கர்சர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துபாய் துணைத் தூதரகம் போனில் சொன்னது:
ஆள் எங்கள் கரையில் இல்லை, டெஹ்ரானுக்கு எழுதுங்கள்.
டெஹ்ரான், குடும்பச் சான்று கேட்டது,
கலெக்டர் கையெழுத்தோடு.
நாகர்கோவிலில், படகின் பதிவுத்தாள் எங்கே என்றார்கள்.
படகு இந்த ஊர் அரபியுடையது.
அவர் சொல்கிறார், நான் வழக்குப் போட்டிருக்கிறேன்,
இந்த ஊருக்குத் தனிக் கோர்ட்டு,
தாள் அங்கே மாட்டிக்கொண்டது.
சென்னைக்குப் போட்ட மனுவுக்கு மட்டும் உடனே பதில்:
வெளிநாட்டு விவகாரம் ஒன்றிய அரசின் வரம்பு,
தங்கள் மனு டெல்லிக்கு அனுப்பப்பட்டது.
டெல்லி அதைச்
சென்னைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்
இதோ, என் கையில்.

நான் பட்டுக்கோட்டையில் பி.ஏ. அரசியல் அறிவியல்,
இரண்டாம் வகுப்பு.
பட்டியல்கள் மூன்றும் இன்னும் மனப்பாடம்.
சொன்னேன்:
அண்ணே, நம்ம ஊரில்
கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரைக்கும் மீன்பிடிப்பு மாநிலத்துடையது,
அதற்கு அப்பால் டெல்லியுடையது.

அவர் சிரித்தார், பல நாளைக்குப் பிறகு போலும்.
"அப்போ எங்க சூரை
காலையில சென்னைக்கு, சாயங்காலம் டெல்லிக்கு.
வலையை இழுக்கும்போது பாதியில கட்சி மாறும்."
பிறகு கேட்டார்,
"புரூணோ நின்ன இடம் யாருக்கு?"

ஏழு நகல் என்று முடிவு செய்தோம்.
ஏழு பெறுநர், ஒரே பொருள்.
யார் வாசலில் முதலில் கதவு திறக்கிறதோ.
முத்திரைக் கட்டணம், மொழிபெயர்ப்புக் கட்டணம்
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது
"ஒரு வரி சேர்க்கணும்" என்றார்.

"அவனுக்கு இடது காது கேக்காது.
பத்து வருஷம் எஞ்சின் பக்கத்துலயே படுத்தவன்.
பேர் கூப்பிடுதவுங்க வலப்பக்கம் நின்னு கூப்பிடணும்.
இல்லேன்னா திரும்பமாட்டான்.
திரும்பாதவனைத் திமிர் பிடிச்சவன்னு அடிச்சிருவாங்க."

கை நின்றுவிட்டது.
மத்தியப் பட்டியலில் தேடினேன்.
மாநிலப் பட்டியலில், பொதுப் பட்டியலில்.
தபால், தந்தி, கலங்கரை விளக்கம்,
சந்தை, சாராயம், சுடுகாடு வரை வருகிறது.
எதிலும் சேராதவை டெல்லிக்கு என்று
வகுப்பில் படித்திருக்கிறேன்.
டெல்லி வலப்பக்கம் வந்து நிற்குமா
என்று யாரும் பரீட்சையில் கேட்கவில்லை.

அடித்தேன்.
ஏழிலும், 'பணிந்து வேண்டுகிறேன்' என்பதற்கு முன்னால்.
அரபியில் ஒன்று, பாரசீகத்தில் ஒன்று
பக்கத்துக் கடை அஃப்கானியிடம் கொடுத்தேன்.
அவன் அந்த வரியில் நின்று
எந்தக் காது என்று மறுபடி கேட்டான்.

சூசைபாக்கியம் நாற்பது திர்ஹம் எண்ணி வைத்தார்,
இருபதைத் திருப்பிக் கொடுத்தேன், எடுக்கவில்லை.
போகும்போதும் மேசையைச் சுற்றிக்கொண்டு
என் வலப்பக்கமாகவே வந்து
"வாறேன்" என்றார்.

எனக்கு இரண்டு காதும் கேட்கும்.